குறுணல் கூடுது

போருக்குப் பிறகு நாங்கள் மீளக்குடியேறி இரண்டாவது மாரி முடிந்தபோது உயிலங்குளத்தில் எங்கள் விவசாயிகள் சங்கத்துக்கு ஓர் அரிசி ஆலை கிடைத்தது. மெசினை உதவி நிறுவனம் ஒன்று தந்தது. முகாமையாளராகச் சங்கம் என்னைப் போட்டது. நான் உயர்தரத்தில் கணிதம் படித்தவள் என்றார்கள். உண்மையில் அந்தக் கதிரையில் இருக்க வேறு ஒருவரும் சம்மதிக்கவில்லை.

மெசினை ஓட்டியவர் ஐம்பது வயது கடந்த ஒருவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மெசின் நின்றால் கழற்றுவார். ஓடினால் கிட்டப் போகமாட்டார். “ஓடுறதைத் தொட்டால் ரோசப்படும்” என்பது அவர் கொள்கை.

என்னை மன்னார் நகரத்துக்கு மூன்று நாள் செயலமர்வு ஒன்றுக்கு அனுப்பினார்கள். மெசின் பழுதாகுமுன்பே அதைப் பராமரிக்க வேண்டும் என்று அங்கே படித்தேன். கொழுத்த கோப்பு ஒன்றோடும் கொஞ்சம் தலைக்கனத்தோடும் திரும்பி வந்தேன். மறுநாளே ஒரு கடதாசி மட்டையில் கட்டங்கள் கீறி மெசினில் தொங்கவிட்டேன். எண்ணெய், பெல்ட், நெல்லின் உமியை உரிக்கிற றப்பர் உருளை என்று ஒவ்வொன்றையும் நாள்தோறும் பார்த்து அடையாளம் போடவேண்டும்.

ஒன்பதாம் நாள் போய்ப் பார்த்தேன். மட்டை முழுக்க அடையாளம்.

“அண்ணை, இண்டைக்கு ஒன்பதாந் திகதி. நீங்கள் முப்பத்தொண்டு வரைக்கும் போட்டிருக்கிறியள்.”

“ஓம். நாளைக்கும் பாக்கத்தானே போறன்.”

“இது பெப்ரவரி மாசம், அண்ணை!”

அவர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முப்பத்தொரு கட்டம் கீறினது நீங்கள்தானே, தங்கச்சி?”

நான் விடவில்லை. அடுத்த புதன்கிழமை ஆலையை நிறுத்தி முழுப் பராமரிப்பு செய்வதென்று அறிவித்தல் ஒட்டினேன். அது அறுவடைக் காலம். அறிவித்தலை யார் வாசித்தார்கள்? புதன் காலையில் வாசலில் ஏழு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்கள் நெல் மூட்டைகளோடு நின்றன. முன்னுக்கு நின்றவர் பாப்பாமோட்டைக் கிராமத்து அக்கா.

அந்த அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் அரிசியைக் கையில் அள்ளி, உடைந்த மணிகளைக் காட்டி, “பிள்ளை, குறுணல் கூடுது” என்பார். ஒவ்வொரு முறையும் நான், “உங்கட நெல்லுக் காய்ச்சல் பிழை அக்கா, வெயில் கூடிப்போச்சு” என்று சொல்லி அனுப்பிவிடுவேன். குறைப்பட்டுக்கொள்வதற்கென்றே வருகிற மனுசி என்று நினைத்திருந்தேன்.

“ஓடுற மெசினை ஏன் பிள்ளை நிப்பாட்டினீங்கள்?” என்றார்.

“பழுதாகாமல் இருக்கத்தான் அக்கா.”

“அப்ப பழுதாகினால் ஓட்டுவீங்களோ?”

எல்லோரும் சிரித்தார்கள். மூட்டைகளில் ஏறி இருந்துகொண்டு எங்களையே பார்த்தார்கள். அண்ணை மோட்டரைக் கழற்றிக் கிறீஸ் போட்டார். நான் சும்மா நிற்காமல், அவர் கழற்றிவைத்த மூன்று வயர்களிலும் கடதாசியில் இலக்கம் எழுதி ஒட்டினேன். செயலமர்வில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். மத்தியானம் எல்லாவற்றையும் பூட்டி மின்சார ஆளியைப் போட்டோம். மோட்டர் சுற்றியது, நெல் மட்டும் மேலே ஏறவில்லை. நெல்லை அள்ளிக்கொண்டு போகிற வாளிகள் தலைகீழாக வந்துகொண்டிருந்தன.

“பின்பக்கமாச் சுத்துது” என்றார் அண்ணை. “வயர் மாறிப்போச்சு.”

“உங்களுக்கு எந்த வயர் எங்கயெண்டு தெரியாதோ?”

“தெரியும். நீங்கள் இலக்கம் ஒட்டினபடியால் இலக்கத்தைப் பாத்துப் பூட்டினனான்.”

நான் ஒட்டியது வயர்களைக் கழற்றிய பிறகு, ஒரு குத்துமதிப்பில். வாசலில் எழுந்த சிரிப்பு இன்றும் காதில் நிற்கிறது. அண்ணை இரண்டு வயர்களை மாற்றிப் பூட்டினார். மெசின் நேராக ஓடியது. முதல் மூட்டை அக்காவுடையது. அவர் தான் கொண்டுவந்த சுளகில் அரிசியைப் போட்டு எல்லோருக்கும் முன்னால் புடைத்தார். சுளகில் பாதிக்குப் பாதி உடைந்த அரிசி.

“முகாமில வரிசையில நிண்டு அரிசி வாங்கித் திண்டனாங்கள்” என்றார். “இது மிதிவெடி எடுத்த பிறகு எங்கட வயலில விளைஞ்ச முதல் போக நெல்லு. இதைக் குறுணலாக்கித் தராதேங்கோ, பிள்ளை.”

அதற்கு மேல் என்னால் காய்ச்சல் கதை சொல்ல முடியவில்லை. அண்ணை தானாகவே போய் மூடியைத் திறந்து டோர்ச் அடித்தார். றப்பர் உருளை ஒரு பக்கம் தேய்ந்து சரிந்திருந்தது. மட்டையில் அதற்கு நேராக ‘சரி’ என்று முப்பத்தொரு அடையாளங்கள். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

“புது உருளைக்கு எங்க போறது?” என்றேன்.

“இதுமாதிரி ரெண்டு உங்கட அலுமாரிக்குள்ள கிடக்குது. மெசினோட வந்தது.”

உண்மைதான். பொதியே பிரிக்காமல் இருந்தன. என் பொருட்பட்டியலில் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தேன்: ‘கறுப்பு உருண்டைச் சாமான் இரண்டு. எதற்கென்று தெரியவில்லை.’

மாற்றிப் பூட்டியதும் அரிசி முழுசு முழுசாக விழுந்தது. அக்கா ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் மட்டையைக் கழற்றி, அரிசி வந்து விழுகிற இடத்தில் ஒரு சுளகை வைத்தேன். நெல் கொண்டுவருகிறவர்களே புடைத்துப் பார்த்து, குறுணல் கூடவா குறைவா என்று சொல்லவேண்டும். இரண்டு பேர் ‘கூட’ என்றால் அண்ணை மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். அவருக்கு இது பிடித்துக்கொண்டது. எழுதுகிற வேலை இல்லை. அந்த அறுவடை முடியும்வரை ஆலை ஒருநாளும் திடீரென்று நிற்கவில்லை.

அக்கா மட்டும் இதை உத்தியோகமாக எடுத்துக்கொண்டார். மற்றவர்களின் அரிசியையும் புடைப்பார், தீர்ப்புச் சொல்லுவார். ஒருநாள் அவருடைய நெல் உண்மையாகவே அளவுக்கு மிஞ்சிக் காய்ந்திருந்தது. “குறுணல் கூட” என்றார். நெல்லில்தான் பிழை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அண்ணை மூடியைத் திறந்தார், டோர்ச் அடித்தார், ஒன்றுமில்லை. என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, இறுகியிருந்த ஒரு போல்டை ஸ்பானரால் நாலைந்து தரம் பலமாகத் தட்டினார்.

அக்கா அடுத்த பிடியைப் புடைத்துப் பார்த்தார்.

“இப்ப சரி” என்றார்.