உப்பு ஸ்டோரின் கடைசிச் சத்தம்

வாப்பா மௌத்தாகி, கணவனை இழந்தவர் வெளியே வராமல் வீட்டோடு இருக்கும் இத்தாவில் உம்மா இருந்த நாட்களில்தான் அந்த மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டுக்காரர். நான் செய்து இணையத்தில் இலவசமாக விட்டிருந்த ப்ளக்-இன்னைத் தன் பாட்டுகளில் பாவிக்கிறாராம். மிக அருமையாம். ஆனால் எதிரொலி அடங்கும் இடத்தில், யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுவது போல ஏதோ கேட்கிறதாம். வேண்டுமென்றே வைத்ததா, பிழையா என்று கேட்டிருந்தார்.

அந்த நாட்களில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள், "அழு புள்ள, அழுதாத்தான் மனசு ஆறும்" என்றார்கள். அழுகை என்ன, தண்ணிக் குழாயா திறந்துவிட? சாப்பிட்டேன், புத்தளத்துக்கு வேலைக்குப் போனேன், பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பி வந்தேன். பிழை என்று ஒருவர் சொன்னதும், திருத்துவதற்கு ஒன்றாவது கிடைத்ததே என்று கணினியைத் திறந்தேன்.

அந்த ப்ளக்-இன் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கணினியில் இசை அமைப்பவர்கள் தங்கள் மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் சின்ன நிரல் அது. அதைச் செய்ய, வெறுமையான ஒரு கட்டடத்துக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் எழுப்பி, அது அடங்கும் வரை பதிவு செய்ய வேண்டும். பிறகு அந்த 'டப்'பை வெட்டி எறிந்துவிட்டு, கட்டடம் திருப்பிச் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பின் எந்த மேளத்தை அதற்குள் விட்டாலும், அந்தக் கட்டடத்துக்குள் நின்று அடித்தது போலவே கேட்கும். என்னுடைய கட்டடம், வாப்பா காவலுக்கு இருந்த உப்பு ஸ்டோர். உப்பெல்லாம் லொறி ஏறிப் போன பிறகு அதற்குள் இருமினால், இருமல் நாலு பக்கமும் சுற்றிவிட்டுத்தான் வெளியே போகும்.

வாப்பாவுக்குப் பாட்டு என்றாலே ஆகாது. மகள் செய்வது இன்னதென்று தெரிந்தும், "பாட்டு வேற, சத்தம் வேற" என்று தனக்குத்தானே ஒரு பத்வா கொடுத்துக்கொண்டு ஸ்டோரைத் திறந்துவிட்டார். கை தட்டச் சொன்னேன். "ஆம்புள கை தட்டுறதா? அது பொம்புளயள்ட வேல" என்றார். தொழுகையில் இமாம் பிழை விட்டால் ஆண்கள் சுப்ஹானல்லாஹ் சொல்ல வேண்டும், பெண்கள்தான் கை தட்ட வேண்டும். அந்தச் சட்டத்தை உப்பு ஸ்டோர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். கடைசியில் இரண்டு பலகைத் துண்டுகளை எடுத்தார். பிஸ்மில்லாஹ் சொன்னார். ஒன்றோடொன்று அடித்தார். சத்தம் கூரைத் தகரத்தில் ஏறி இறங்கும் வரை இருவரும் அசையாமல் நின்றோம்.

அந்த பிஸ்மில்லாஹ்வைப் பலகை அடியோடு சேர்த்து அப்போதே வெட்டியிருந்தேன். கடைசிப் பக்கத்தைக் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டு மின்விசிறி போடும் இரைச்சலில் யாருக்கு என்ன கேட்கும்? இப்போது விசிறியை நிறுத்தி, ஹெட்போனைப் போட்டு, ஒலியை முழுவதும் கூட்டினேன். எதிரொலி தேய்ந்துகொண்டே போனது. முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் வாப்பா, வாய்க்குள், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

எந்த வேலையையும் பிஸ்மில்லாஹ்வில் தொடங்கி அல்ஹம்துலில்லாஹ்வில் முடிக்கிற மனிதர். பலகை அடித்தாலும் வேலை வேலைதான். அவர் காதுக்குச் சத்தம் முடிந்திருக்கிறது. பதிவு செய்துகொண்டிருந்த என் போனுக்கு இன்னும் முடியவில்லை.

வாப்பாவின் குரல் எங்களிடம் வேறு இல்லை. பட்டன் போன்தான் வைத்திருந்தார். கலியாண வீடுகளில் கேமராவைக் கண்டால் பின்பக்கத்தால் நழுவிவிடுவார். முழுப் பதிவும் இருந்த என் பழைய போன், உச்சமுனைத் தீவுக்குப் போகும்போது படகில் இருந்து களப்புக்குள் விழுந்துவிட்டது. மிஞ்சியது இந்த ஒரு சொல். கொழும்புக்கு அப்பால் போகாத மனிதர், என் வாயில் நுழையாத பெயருள்ள ஊர்களில், மேளங்கள் அடங்கும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அதை எடுக்க மனம் வரவில்லை. பிழை சொன்ன அந்த மனிதர் மேல் கோபம்கூட வந்தது. பல நாட்களுக்குப் பிறகு எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அதுதான்.

உம்மாவிடம் போனேன். திரை போட்ட அறையில், வெள்ளை உடுப்போடு தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். முக்காட்டுக்கு மேலாலேயே ஹெட்போனை மாட்டிவிட்டேன். கேட்டதும் தஸ்பீஹ் நின்றது.

"இது எங்க இருந்து புள்ள?"

"நான் செஞ்ச சாமான்ட கடைசில இரிக்கி உம்மா. வெளிநாட்டுல பாட்டுப் போடுறவங்கள்ட்டயும் இரிக்கி."

"ஆடுற பாட்டுக்குள்ளயா?"

"ஓம்."

உம்மா ஹெட்போனைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"எடுத்துரு. அவரு அத ஆட்டத்துக்குச் சொல்லல்ல. அல்லாஹ்வுக்குச் சொன்னாரு."

"வாப்பாட சத்தம் உம்மா."

"அதுக்குத்தான் சொல்ற."

வீட்டுக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்தேன். பிறகு சொல் தொடங்கும் இடத்தில் கோட்டை வைத்து, அதற்கு அப்பால் இருந்ததை அழித்தேன். எங்கள் ஊரில் கபுறுக்கு மண் போடப் பெண்கள் போவதில்லை. இதை நான்தான் செய்தேன். புதிய பதிப்பை இணையத்தில் ஏற்றும்போது என்ன மாற்றம் என்று ஒரு வரி எழுத வேண்டும், அது வழமை. 'கடைசியில் இருந்த தேவையற்ற சத்தம் நீக்கப்பட்டது' என்று எழுதினேன். பழையதை இறக்கிக்கொண்டவர்களிடம் அது இன்னும் இருக்கும், அவர்களை என்ன செய்ய முடியும்? அந்த நாட்டுக்காரருக்கு நன்றி சொல்லியும் எழுதினேன். கை எழுதியது, அவ்வளவுதான்.

"எடுத்துட்டியா? தா பாப்பம்" என்றார் உம்மா.

மாட்டிவிட்டேன். ஒரு மேள அடி. உப்பு ஸ்டோர் அதை வாங்கிச் சுற்றிச் சுற்றிக் குறைத்தது. கணினித் திரையில் ஒலிக்கோடு தட்டையாகிவிட்டது. உம்மா தலையைச் சரித்தபடியே இருந்தார்.

"முடிஞ்சி உம்மா."

"இல்லத்தான்" என்றார்.

"ஓம், இல்ல."

ஹெட்போனைக் கழற்றப் போனேன். உம்மா அதைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொருக்காப் போடு."