அக்காவின் கட்டைக்கால் எழுத்து

என் அக்கா ஆள் ஊசி மாதிரி இருப்பாள். வரைகிற எழுத்தெல்லாம் தடியன்கள். பழைய விளம்பரத் தாள்களில் பார்த்திருப்பீர்கள்: கொழுத்த கோடுகள், ஒவ்வொரு கோட்டின் தலையிலும் காலிலும் செங்கல் வைத்தாற்போல் ஒரு கட்டை. தொழிலில் ஸ்லாப் எழுத்து என்போம். அப்படி ஒரு முழு வரிசையைக் கணினியில் வரைந்து முடிக்க அவளுக்கு இரண்டரை வருடம் பிடித்தது.

"உன் தம்பி ஒரு நாளைக்குப் பத்து போர்டு முடிக்கிறான். நீ பத்து நாளா ஒரே எழுத்தோட மல்லுக்கட்டிட்டிருக்க" என்று அத்தான் கிண்டல் செய்வார்.

முதன்முதலில் அந்த எழுத்தைக் கேட்டு வந்தவர் தெருமுனை ரொட்டிக்கடைக்காரர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை வெட்டும் வேலை எனக்கு. எழுத்து இருந்த கணினிக் கோப்பைத் தரும்போது அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இடம் பத்தலேன்னா மொத்தமா சின்னதாக்கு. பக்கவாட்டுல மட்டும் நசுக்கிடாதடா."

"சரிக்கா" என்று தலையாட்டினேன்.

பலகை சின்னது, கடைப்பெயர் நீளம். மொத்தமாகச் சின்னதாக்கினேன். கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மேலயும் கீழயும் இவ்ளோ இடம் சும்மா கிடக்குதே தம்பி, நிரப்புங்க" என்று ஆரம்பித்தார். ஐந்து தடவை சொல்லியிருப்பார். வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். எரிச்சலில் எழுத்தைப் பழைய உயரத்துக்கே ஏற்றி, இரண்டு பக்கமும் நசுக்கிவிட்டேன். போர்டு கடையில் நாள் முழுக்க இதைத்தானே செய்கிறோம், கை தானாகப் போய்விட்டது. நிற்கும் கோடெல்லாம் குச்சியாகிவிட்டன. கட்டைகள் மட்டும் அதே தடிமனில் நின்றன.

பலகை ஏறிய அன்று அக்கா எதிர்ப்புறம் நின்று பார்த்தாள். முகம் செத்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவன் சொந்தத் தம்பி, பாவம், யாரிடம் போய்ச் சொல்வாள்?

"குச்சிக் காலுக்கு பூட்ஸ் மாட்டி விட்டிருக்கியேடா" என்றாள்.

வேறு வெட்டித் தருகிறேன் என்று கடைக்காரரிடம் கெஞ்சினேன். மனிதர் அசையவில்லை. "சூப்பரா இருக்கு. யாரும் தொடக் கூடாது" என்றுவிட்டார்.

வயிற்றெரிச்சல் அதோடு தீர்ந்ததா? அடுத்த வாரமே முடிவெட்டும் கடைக்காரர் வந்து, ரொட்டிக்கடை எழுத்துதான் வேண்டும் என்றார். அக்காவிடம் அனுப்பினேன். ஒடுக்கமான பலகைக்கென்றே, கோட்டின் கனம் குறையாமல், அவர் கடைப்பெயருக்கு மட்டும் முறையாக ஒரு வடிவத்தை அவள் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தாள். அதைக் காட்டும்போது நானும் கூட இருந்தேன்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொட்டிக்கடையில இருக்கிற அந்த ஸ்டைல் இதுல வரலியேம்மா."

அக்கா கணினியை அணைத்தாள். அவர் முன்னாலேயே என்னை நாலு திட்டு திட்டியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

"இவருக்கு நீயே நசுக்கிக் குடுத்துடு" என்றாள். "அந்த எழுத்து எனக்கு வராது."