சித்தியின் பல்லும் அம்மாவின் இருமலும்

சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்து முடித்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்கள்: "ஏனுங்க, புள்ள பல்லே வெளக்காதுங்களா?"

கேட்டுவிட்டு உடுமலைப்பேட்டைக்குக் காரேறிப் போய்விட்டார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. கல்லைப் பொறுக்கிக்கொண்டு வருவதற்குள் கார் தெரு முனையைத் தாண்டிவிட்டது, அந்த ஆத்திரம் இன்னும் இருக்கிறது.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு முன்பல்லில் காவிக் கறை ஏறியிருக்கும். அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரே தண்ணீர், ஒரே கறை. ஊரே அப்படி என்பதால் ஊருக்குள் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பல் விளக்க மாட்டாளாமே! சாம்பல், உப்பு, எலுமிச்சம்பழம், கடைசியில் செங்கல் பொடி வரை தேய்த்து, ஈறு கிழிந்து ரத்தம் துப்பியவள் சித்தி. அன்று மாட்டுக்கொட்டகையில் போய் அழுதாள்.

அம்மா அழவில்லை. "இவ பல்லுத் தெரியச் சிரிச்சுட்டு மணவறையில நிக்கோணும். அதுக்கு நானாச்சு" என்றாள். அம்மா ஒன்று சொல்லிவிட்டால் அப்பாகூடக் குறுக்கே பேசமாட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா, சித்தி, நான் மூன்று பேரும் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினோம். காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் பல் டாக்டர் இருந்தார். இது அழுக்கே இல்லை, தண்ணீரின் கறை, தேய்த்தால் போகாது என்று அவர் சொன்னதும் சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கறையை லேசாகச் சுரண்டி, பல் நிறத்தில் ஒரு பசையைப் பூசி, நீல வெளிச்சம் காட்டி இறுக வைப்பாராம். நாலைந்து தடவை வரவேண்டும், அவ்வளவு தூரத்திலிருந்து முடியுமா என்று கேட்டார்.

"நாப்பது வாட்டி வரச் சொன்னாலும் வாரமுங்க" என்றாள் அம்மா.

ஐந்து செவ்வாய்க்கிழமை போனோம். ஒருநாள் வழியில் பஸ் நின்றுவிட்டது. அம்மா நடுரோட்டில் நின்று தேங்காய் லாரியை மறித்து எங்களை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள்.

கடைசி நாள் டாக்டர் கண்ணாடியைக் கொடுத்தார். சித்தி பார்த்தாள், கீழே வைத்தாள், மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்தாமல் சிரித்தாள். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது, குதித்தேன். டாக்டர் அம்மாவைப் பார்த்து, நீங்களும் உட்காருங்களேன் என்றார்.

"எனக்கெதுக்குங்க? எனக்குத்தான் கண்ணாலம் ஆயிப்போச்சுங்களே!"

எனக்கு அது மிகச் சரியான பதிலாகப் பட்டது. பட்டுச்சேலை மாதிரி வெள்ளைப் பல்லும் கல்யாணப் பெண்ணுக்கு வேண்டிய சாமான்களில் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன்.

தை மாதம் வேறொரு மாப்பிள்ளையோடு சித்திக்குக் கல்யாணம் நடந்தது. அம்மா சொன்னபடியே மணவறையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள் சித்தி. போட்டோக்காரர் எல்லாரையும் பக்கத்தில் நிற்கவைத்து, சிரிங்க சிரிங்க என்றார். எனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன, இருந்தும் ஈயென்று இளித்தேன். அம்மா மட்டும் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன்.

"இருமலு கண்ணு."

ஐயோ பாவம் என்று சமையல் கொட்டகைக்கு ஓடி, சமையல்காரரிடம் மல்லுக்கட்டி ஒரு டம்ளர் சுடுதண்ணீர் வாங்கி வந்தேன். அம்மா என்னையே பார்த்தபடி முழுவதையும் குடித்தாள். அடுத்த போட்டோவுக்கும் முந்தானை வாய்க்குப் போனது. இருமல் இன்னும் நிற்கவில்லை என்று நான் இரண்டாவது டம்ளருக்கு ஓடினேன்.