அசையாமல் உட்கார்ந்த பதினொரு நிமிடம்

அண்ணன் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னமும் அவர் வீட்டுப் படியேறினால் என் கை தானாகவே கைபேசியில் வைஃபையை அணைத்துவிடுகிறது. அப்படிப் பழக்கி வைத்திருந்தார். யார் வந்தாலும், "வைஃபை ஆன்ல இருக்கா? முதல்ல அதை அணை" என்பார். தண்ணீர் வேண்டுமா என்ற கேள்வி அதற்கப்புறம்தான்.

அவர் வீட்டு வரைபடம் போடுகிறவர். மூன்றாவது மாடியின் பின்பக்க அறையில் ஒரு மேசை, பழைய லேப்டாப், ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்த கைபேசி. அந்தக் கட்டடத்துக்கு கேபிள் இணைப்பு வந்ததே இல்லை. கைபேசியில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் இரண்டு ஜிபியைத்தான் லேப்டாப்பும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். லேப்டாப்போ சும்மா திறந்து வைத்திருந்தாலே யாரையும் கேட்காமல் தின்னும் ஜாதி.

அண்ணன் அதன் வாயைக் கட்டினார். இணைப்பை மீட்டர் கணக்கில் போட்டு அப்டேட்டுகளை நிறுத்தினார். படங்கள் தானாக மேலே ஏறுவதை நிறுத்தினார். தானாக ஓடும் வீடியோக்களை அடக்கினார். கடைசியில் பிரவுசரில் படங்களையே எடுத்துவிட்டார். அவர் திரையில் செய்தித்தாள்கூட கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி வெறும் எழுத்தாக நிற்கும். மேல்வீட்டுப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மெகாபைட் மாமா.

இதனால் ஒருமுறை மானம் போனது. மேஸ்திரி ஒருவர் மனையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அண்ணன் படங்களைத் திறக்காமல் அளவுகளை மட்டும் ஃபோனில் கேட்டு வரைந்து கொடுத்துவிட்டார். மறுவாரம் மேஸ்திரி நேரிலேயே வந்தார்.

"சார், மாடிப்படி நல்லா வந்திருக்கு. நடுவுல ஒரு மரம் நிக்குது. அதைச் சுத்திப் போறதா, ஏறிப் போறதா?"

"மரத்தைப் பத்தி நீங்க சொல்லவே இல்லையே."

"பத்து படம் அனுப்பினேன் சார். பத்துலயும் மரம்தான் இருக்கு, மனை கொஞ்சம்தான் தெரியும்."

ஊர் அவரை எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்றது. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். காரணம் மாலை ஏழரை மணிக்கு அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். அண்ணி வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நான்கு வருடம் நர்ஸாக இருந்தார். இரவு டூட்டிக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் வீடியோவில் வருவார். "உங்க மூஞ்சியப் பாத்துட்டுப் போனாத்தான் எனக்கு ராத்திரி ஓடுது" என்று போன முதல் மாதமே சொல்லிவிட்டார். அந்த அரை மணிக்காகத்தான் லேப்டாப் பகல் முழுக்கப் பட்டினி கிடந்தது.

இவ்வளவு காவலையும் மீறி ஒருநாள் கோட்டை விட்டார். மேல்வீட்டுப் பையன் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துவிட்டான் என்று சந்தேகம். ஹாட்ஸ்பாட்டின் பாஸ்வேர்டோடு பெயரையும் மாற்றி, 'இங்கே நெட் இல்லை' என்று வைத்தார். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே பெருமை. பெயர் மாறியதும் லேப்டாப் அதைப் புது இணைப்பு என்று எடுத்துக்கொண்டது. பழைய இணைப்புக்குப் போட்ட மீட்டர் கணக்கு இதற்கு இல்லை. மாதக்கணக்காகக் காத்திருந்த அப்டேட் காலை பத்து மணிக்குள் உள்ளே இறங்கி முடித்தது.

அண்ணன் கவனித்தபோது மிச்சம் நாற்பது எம்பி. கூடுதல் டேட்டாவுக்குப் பணம் கட்டினார். கோரிக்கை ஏற்கப்பட்டது என்று செய்தி வந்தது, டேட்டா வரவில்லை. அன்றைக்கென்று அண்ணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் முதல்முறையாகத் தனிப் பொறுப்பு. ஒரு வாரமாகவே பயந்துகொண்டிருந்தார்.

வேலை முடிந்து நான் போனபோது மணி ஏழேகால். அண்ணன் நாற்காலியில் ஏறிச் சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். மின்விசிறி நின்றிருந்தது.

"என்ன அண்ணா, வீடு மாத்துறியா?"

"படத்துல எது அசையுதோ அதுக்குத்தான் டேட்டா செலவாகும். அசையாத சுவருக்கு ஒண்ணும் ஆகாது. அந்தத் திரைச்சீலையை முடிஞ்சு வை."

"என் ஃபோன்ல போடேன்."

"உன் ஃபோனுக்கு இந்த ரூம்ல சிக்னல் என்னிக்குடி வந்திருக்கு?"

கட்டம் போட்ட சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். வீடியோவை ஆகக் குறைந்த தரத்துக்கு இறக்கினார். பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருவதுபோல் விறைப்பாக உட்கார்ந்தார். ஏழரைக்கு அண்ணி வந்தார்.

"என்னங்க, அப்படியே நிக்குதே. லைன் போயிடுச்சா?"

"இல்லம்மா, இருக்கேன். நீ பேசு." உதடு மட்டும் அசைந்தது, அதுவும் சிக்கனமாக.

"உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்டியா? சீக்கிரம் சொல்லு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் முகத்தில் வியர்வை வழிகிறது, துடைக்கக்கூடக் கை எழவில்லை. பதினொரு நிமிடம் ஓடியது. "பயப்படாதே, உனக்கு எல்லாம் தெரியும்" என்று அவர் சொல்லி முடித்த பிறகுதான் திரை உறைந்தது. மறுநாள் காலை அண்ணியிடமிருந்து ஒரே வரி: எல்லாரும் பிழைச்சுட்டாங்க.

அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை, நின்ற மின்விசிறி. அண்ணி திரும்பி வந்து ஆணி அடிக்கும்வரை அந்தச் சுவரில் காலண்டர் ஏறவே இல்லை.

போன வாரம் மேஸ்திரி ஏதோ ஒரு பழைய வரைபடம் கேட்டார். அண்ணி என்னைக் கூப்பிட்டார். லேப்டாப்பில் தேடும்போது 'தினமும்' என்று ஒரு ஃபோல்டர் அகப்பட்டது. ஒவ்வொரு மாலையும் திரையை அப்படியே ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறார். அதற்கு டேட்டா செலவில்லை அல்லவா. ஆயிரத்து முந்நூறுக்கு மேல். எல்லாவற்றிலும் அண்ணி கோணல்மாணலாக, கலங்கலாக, சிரித்தபடி, கொட்டாவி விட்டபடி. மூலையில் சின்னக் கட்டத்துக்குள் அண்ணன். எதிலும் அசைவில்லை.

ஒரே ஒரு படத்தில் மட்டும் மூலைக் கட்டத்தில் முகம் இல்லை. வெள்ளையாக ஏதோ கலைந்து கிடந்தது.

"இது என்ன அண்ணி?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். தேதியைப் பார்த்தார்.

"டிக்கெட் எடுத்தாச்சு, ஒரேயடியா வந்துடறேன்னு சொன்னேன். எழுந்தே நின்னுட்டார். நாற்காலி விழுந்த சத்தம்கூடக் கேட்டுச்சு. அப்புறம் உக்காந்து, 'உன்னால அம்பது எம்பி போச்சு'ன்னார்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து, நின்றிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"ஃபேனைப் போடேன், புழுங்குது" என்றார்.