கரையில் கிடந்த கயிறு

முரசுமோட்டையில் வயலும் வாய்க்காலுமாக வாழும் எனக்குக் கடல் என்றாலே பயம். போன பங்குனியில் நானும் கணவரும் நான்கு வயது மகள் கனிகாவும் கடற்கரை வீதியைச் சுற்றிப் பார்க்க ஓட்டோவில் புறப்பட்டோம். முல்லைத்தீவைத் தாண்டி, ஆளில்லாத ஒரு கரையில் சாப்பிட இறங்கினோம்.

மகள் அலையை நோக்கியே ஓடினாள். கடலுக்குள்ளிருந்து வந்து மணல் மேட்டுக்கு அப்பால் மறையும் தடித்த கயிறு ஒன்று அங்கே கிடந்தது. என் சுடிதார்ச் சால்வையால் அவள் இடுப்பை அதோடு சேர்த்துக் கட்டிவிட்டு, நிம்மதியாகச் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன்.

திடீரென மேட்டுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம். கயிறு விறைத்து நகரத் தொடங்கியது. மகள் விழுந்து மணலில் இழுபட்டாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை!" என்று அலறினேன். கணவர் மேட்டை நோக்கிப் பாய்ந்தார். நான் முடிச்சைப் பிடித்தபடி கூடவே ஓடினேன். அவிழ்க்க அவிழ்க்க அது இறுகியது. மேட்டில் ஏறியதும் கண்டேன். உழவு இயந்திரத்தின் பின்னால் சுழலும் உருளையில் அந்தக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தது. கணவர் கத்திய கத்தலில் எஞ்சின் நின்றது. உருளைக்கும் மகளுக்கும் இடையே இரண்டு முழம்கூட இல்லை.

ஓடிவந்து சால்வையை அறுத்த மீனவர், "உது சும்மா கிடக்கிற கயிறில்லை, தங்கச்சி, கரைவலை இழுக்கிறது. அங்கால வலை, இஞ்சால மெசின்" என்றார்.

இப்போதும் கடற்கரைக்குப் போகிறோம். மகளை எதிலும் கட்டுவதில்லை. கையை நானே பிடித்துக்கொள்கிறேன்.

"அம்மா, கை நோகுது" என்பாள். விடமாட்டேன்.