வளையல்காரி வேடம்

எங்கள் வீட்டுப் பெண்கள் கூடினால் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. ஓர் இளவரசன் வளையல்காரி வேடத்தில் அந்தப்புரத்துக்குள் நுழைவான். வளையல் போடுகிற சாக்கில் இளவரசியின் கையைப் பிடிப்பான். அவள் மனம் இளகியதும் முக்காட்டை எடுப்பான். உடனே கல்யாணம். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏமாற்றியவனுக்கு மாலையா?

யுத்த காலத்தில் அப்படியொரு வேடத்தை நானே போட்டேன். வெள்ளவத்தையில் வீடு, கொட்டாஞ்சேனையில் வேலை. வாசல் தாண்டியதும் பொட்டை அழித்துவிடுவேன். பஸ்ஸில் சிங்களம்தான். கொழும்பில் வளர்ந்தவள் என்பதால் தமிழச்சி என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எனக்கு முன்னமே தெஹிவளையில் ஏறுகிற ஒருவர் எனக்கு இடம் பிடித்து வைக்கத் தொடங்கினார். துறைமுகத்தில் வேலை என்றார், ஒரு சிங்களப் பெயர் சொன்னார். நானும் ஒன்று சொன்னேன். ஆறு மாதம் சிங்களத்திலேயே கதைத்தோம், சிங்களத்திலேயே சண்டை பிடித்தோம். அவர் என் கையைப் பிடித்த அன்று சந்தோஷத்தைவிடக் குற்றவுணர்வே அதிகமாக இருந்தது. தமிழச்சி என்று தெரிந்தால் விட்டுவிடுவார் என்று பயந்து, நாளைக்குச் சொல்வோம் என்று நாளைக் கடத்தினேன். இளவரசனுக்கும் இந்தப் பயம் இருந்ததா என்று அந்தக் கதையில் ஒருவரும் சொன்னதில்லை.

ஒரு காலை கொழும்புக் கோட்டைப் பகுதிக்குக் கிட்ட சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்துத் தமிழர்களை ஓரமாக நிறுத்தினார்கள். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் போய் நின்றேன். சற்று நேரத்தில் அவரும் என் பக்கத்தில் வந்து நின்றார். எனக்காகக் கதைக்க வந்தாரோ என்று நினைத்தேன்.

"நானும் தமிழ்தாங்க. மலையகம், ஹட்டன் பக்கம்," என்றார் தமிழில். "சொன்னா போயிருவீங்கன்னு பயந்தேன்."

"நானும் அதுக்குத்தான் பயந்தனான்," என்றேன். அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

வெளியூரிலிருந்து வந்து கொழும்பில் தங்கும் தமிழர்கள் பொலிஸில் பதிய வேண்டும்; சிங்களவராக அறை எடுத்துத் தங்கியிருந்ததால் அவரிடம் அந்தப் பதிவு இல்லை. அதிகாரி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, இவனைத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். பிடிபட்டு நின்றவர் என்னைப் பார்த்து, இல்லை என்று சொல் என்பது போல லேசாகத் தலையை ஆட்டினார்.

தெரியாது என்றேன். அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் வேலைக்குப் போனேன்.

பிறகு பொலிஸ் நிலையத்து வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். எந்தப் பெயரைச் சொல்லி விசாரிப்பது? உண்மையான பெயரை நான் கேட்கவில்லை. கேட்க நேரம் இருந்தது. அந்த நேரத்தில் சிரித்துக்கொண்டு நின்றேன்.