செதில் கழுத்தில் ஒரு தாலிக்கொடி

போன கிழமை என் மனுசி பரமேஸ்வரி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

காதில் பிழையில்லை. கொட்டாஞ்சேனையில் என் இரும்புக் கடையில் கம்பி வெட்டுகிற மெஷின் ஓடும்போதே, வெளியில் நிற்கிறவன் என்னைப் பற்றி என்ன கதைக்கிறான் என்று எனக்குக் கேட்கும். அப்படிப்பட்ட காது. பிழை அவளுடைய தொண்டையில். சத்தம் வரவில்லை. வெறும் காற்றுத்தான் வந்தது — தண்ணீர் நின்றுபோன பைப்பைத் திறந்தால் ஒரு இரைச்சல் வருமே, அது மாதிரி.

"என்னப்பா? திருப்பிச் சொல்லும்" என்றேன்.

கையை வீசிவிட்டுத் திரும்பினாள். வால் மேசைக் காலில் இடித்தது. தேத்தண்ணி கொட்டியது.

பரமேஸ்வரி கதைக்காத வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது...

இப்போதெல்லாம் வெள்ளவத்தையில் ஒருவரை ஒருவர் கண்டால் "சுகமா?" என்று கேட்பதில்லை. கவனித்தீர்களா? "உங்களுக்கு எதுவரைக்கும் வந்திட்டுது?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு முழங்கைவரைக்கும் செதில். பின்னால் சாண் அளவு வால். மனுசிக்குக் கழுத்து முழுக்க வந்துவிட்டது. இங்கிலீஷ் படித்தவர்கள் இதை டிராகன் என்கிறார்கள். கோயில் தூணைப் பார்த்து வளர்ந்தவர்கள் யாளி என்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எனக்கு இரண்டு பெயரும் வேண்டாம். எனக்கு இடுப்பில் நாரி நோகிறது. அவ்வளவுதான்.

டிராகன் என்றால் ஏதோ பெரிய வீரம் என்று சின்னப் பிள்ளைகள் நினைக்கும். வந்து பாருங்கள். குளித்தால் தண்ணீர் போகிற துவாரம் செதிலால் அடைக்கிறது. படுத்தால் மெத்தை கிழிகிறது. லிஃப்ட் பழுதான நாளில் வாலையும் இழுத்துக்கொண்டு நாலாம் மாடிக்கு ஏறினால், வீரம் எல்லாம் இரண்டாம் மாடியிலேயே முடிந்துவிடும். இனி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்தாலே களைப்பாக இருக்கிறது. ஒரேயடியாக மாற்றிவிட்டால் என்ன? யாரிடம் கேட்பது?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாரும் கண்ணாடிக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்த காலத்தில், கொட்டாஞ்சேனையில் செதில் துலக்குகிற பிரஷை முதன்முதலில் இறக்கி விற்றவன் யார்? நான்தான். நெருப்புப் பிடிக்காத திரைச்சீலை? அதுவும் நான்தான். மூட்டை தூக்கி மேலே வந்தவனுக்கு எது வந்தாலும் வியாபாரம் தெரியும். அந்த மமதையில் இருந்தவனைத்தான் ஒரு தாலிக்கொடி மடக்கியது.

அந்தக் கொடியின் கதையைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது.

கலியாணத்தில் நான் கட்டியது மெல்லிய கொடி. அப்போது என்னிடம் இருந்தது அவ்வளவுதான். மணவறைக்கு முன்னால் இருந்த பெரிய மனுசிகள் அதைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம். அன்றைக்கே மனதில் ஒன்று நினைத்துக்கொண்டேன். முதல் கடை திறந்தேன் — கொடியின் தடிப்பைக் கூட்டினேன். இரண்டாவது கடை — இன்னும் கூட்டினேன். ஃப்ளாட் வாங்கியபோது இன்னும். கடைசியில் பதினைந்து பவுண். கோயில் திருவிழாவுக்குப் பரமேஸ் வந்தால் சனம் முதலில் கொடியைப் பார்க்கும், பிறகுதான் சாமியைப் பார்க்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கடைசித் தடவை கூட்டியபோது அவள் ஏதோ சொன்னாள். ஃப்ளாட்டில் குடிபுகுந்த குடிபூரல் விருந்துக்கு வந்த சனத்தின் இரைச்சலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

செதில் வந்த பிறகு அவளுடைய கழுத்து நீண்டு தடிக்கத் தொடங்கியது. முதலில் நெஞ்சில் கிடந்த தாலி, மாதம் போகப் போக மேலே ஏறியது. பிறகு அடிக்கழுத்தில் வந்து இறுகிக்கொண்டது. கழற்றலாம் என்றால், பூட்டுகிற சுரை பிடரிச் செதிலுக்குள் போய் மறைந்துவிட்டது. செதில் அதன்மேல் வளர்ந்து மூடிவிட்டது. இனி ஒரே வழி வெட்டுவதுதான். அந்தச் சொல்லை யார் வாயால் சொல்வது?

மகள் சொன்னாள். கல்கிசையில் இருக்கிறாள், ஒஃபிஸ் முடிந்து நேரே பஸ் பிடித்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னாள்.

"அப்பா, அம்மா நித்திரை கொள்ளுறது கதிரையில இருந்துகொண்டு. தெரியுமோ உங்களுக்கு? படுத்தா மூச்சு வருதில்லை. நாளைக்கே வெட்டோணும்."

மனுசி தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. பிறகு விரலை என் பக்கம் நீட்டினாள்.

"அப்பா இருக்கிறார் எண்டு எனக்கும் தெரியுதம்மா! ஆர் இல்லையெண்டு சொன்னது? நீங்கள் போயிட்டா அவர் இருந்து என்ன செய்யிறது? ஒரு முட்டை பொரிக்கத் தெரியுமோ அவருக்கு?"

அது தேவையில்லாத கதை. ஆனாலும் உண்மை.

மகள் ஒரு வழி சொன்னாள். முதலில் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டுவிட்டு, அது கழுத்தில் இருக்கும்போதே கொடியை வெட்டுவது. மனுசி அரைமனதாகச் சம்மதித்தாள். நானே கட்டினேன். இரண்டாவது முறை கட்டுகிறேன், கயிறு வழுகிக்கொண்டே போனது — செதில் வந்த கைக்கு நூல் பிடிபடாது, அதனால்தான். மூன்றாவது முடிச்சுப் போடும்போது அவளுக்கு இருமல் வந்தது.

கழுத்துவரைக்கும் வந்தவர்கள் இருமினால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும்தானே?

கயிறு சாம்பலாகிச் சேலையில் விழுந்தது. மனுசி அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. சத்தமில்லை. அழுவதற்குக்கூடச் சத்தம் வரவில்லை.

விடிந்ததும் ஓட்டோ பிடித்து, நகைக்கடைகள் இருக்கிற செட்டியார் தெருவுக்குக் கூட்டிப்போனேன். எங்கள் கொடியை ஒவ்வொரு முறையும் செய்தவர் ஆறுமுகம் பத்தர். போகிற வழியெல்லாம் ஓட்டோக்காரன் கத்திக்கொண்டே வந்தான். "மாத்தயா, நோனாகே வலிகய அதுலட்ட கன்ன!" அம்மாவின் வாலை உள்ளே எடுக்கச் சொல்கிறான். எங்கே எடுப்பது? மடியில் வைத்துக்கொண்டேன். நல்ல பாரம். அந்த வாலில் நாடி துடிப்பது என் கைக்குத் தெரிந்தது. வேகமாகத் துடித்தது. கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை அதை எண்ணிக்கொண்டே வந்தேன்.

பத்தர் கழுத்தைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அவருக்கு விரல் நுனியெல்லாம் நகம் வளைந்துவிட்டது.

"முதலாளி, நம்ம கடையில கழுத்துல கெடக்கிற தாலிய வெட்டின சரித்திரமே இல்லீங்க. தொழிலுக்கு ஆகாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"ஆஸ்பத்திரியில இவ கழுத்தைக் குடுக்கமாட்டா."

"அப்ப நான் மட்டும் என்னாங்க செய்றது?"

அங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது. படித்தவனுக்கு வராத மூளை. பெரிய கட்டடத்தில் தண்ணீர் லைனை நிறுத்தாமல் பழைய பைப்பை மாற்றுவது எப்படி? பக்கத்தால் ஒரு பைபாஸ் போடுவோம். தண்ணீர் அதால் ஓடத் தொடங்கிய பிறகு பழையதைக் கழற்றுவோம். ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது.

"பத்தர், வெட்டவேண்டாம். நீளமாய் ஒரு துண்டு எடும். தாலிக்கு ஒரு பக்கத்தில, கொடியின்ர இரண்டு கண்ணியில அந்தத் துண்டின்ர இரண்டு நுனியையும் ஒட்டும். ஒட்டின பிறகு இடையில இருக்கிற பழைய கண்ணியை எடும். கொடி ஒரு நிமிசமும் அறுந்திருக்காது. புதுத் துண்டு தாங்கிக்கொண்டு நிக்கும். சரியோ?"

பத்தர் என்னையே பார்த்தார். மனுசியும் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையை ஆட்டினாள். ஓம் என்று.

"சரிதாங்க. ஆனா இந்தத் தடிப்புக்குத் துண்டு ரெடியா இல்லீங்களே. செஞ்சு எடுக்க ஒரு கெழம ஆகும்."

அவளுக்கு ஒரு கிழமை இல்லை. மூச்சை எண்ணி எண்ணி எடுத்துக்கொண்டு இருந்தாள்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் ஏன் ஷர்ட்டின் மேல் பட்டனைப் பூட்டுவதில்லை என்று தெரியும். உள்ளே கிடக்கிற சங்கிலி அப்படி. முதல் கடையில் முதல் வருசம் உழைத்துப் போட்டது. அந்தச் சங்கிலியைப் பார்த்துத்தான் எத்தனையோ பேர் என்னை "முதலாளி" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கழற்றிப் பத்தரின் மேசையில் வைத்தேன். யோசிக்கவேயில்லை. சரி... கொஞ்சம் யோசித்தேன்.

சங்கிலியில் ஒரு துண்டை எடுத்து, நுனி இரண்டையும் பத்தர் கண்ணியில் கோர்த்தார். வெண்காரம் தடவினார். பொன்னை ஒட்டுகிற பொடி வைத்தார். ஊதுகுழலை எடுத்தார். வளைந்த நகத்தில் குழல் நிற்கவில்லை. நெருப்பு ஒருமுறை தாலிக்குப் போனது, ஒருமுறை என் மீசைக்கு வந்தது.

"முடியலீங்க முதலாளி. அம்மாவுக்கு ஏதாச்சும் ஆனா என் குடும்பம்..."

மனுசி கையை நீட்டி அந்தக் குழலைத் தள்ளிவிட்டாள்.

கழுத்து நீண்டதில் ஒரு வசதி இருக்கிறது. தன் அடிக்கழுத்தைத் தானே குனிந்து பார்க்கலாம். மெல்ல வளைந்தாள். வாயைக் கண்ணிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். எஞ்சியிருந்த மூச்சை இழுத்தாள். ஊதினாள்.

தொண்டை இறுகிக் கிடந்ததால் நெருப்பு ஊசி மாதிரி வந்தது. நீல நிறம். அவ்வளவு மெல்லிசாய் ஒரு நெருப்பைப் பத்தரும் பார்த்ததில்லை என்றார். பொடி மினுங்கியது, உருகியது, பிடித்தது. ஒரு பக்கம் முடிந்தது. நிறுத்தி மூச்சு வாங்கினாள். உதடு கறுத்துவிட்டது. "காணும், இவ்வளவு போதும், கொஞ்சம் ஆறுமப்பா" என்றேன். கேட்கவில்லை. மற்றப் பக்கத்தையும் ஊதினாள்.

கணபதியான் புண்ணியம். அதுவும் பிடித்தது.

பத்தர் சின்ன வெட்டியை எடுத்து இடையில் இருந்த பழைய கண்ணியை நறுக்கினார். டிக். கொடி இளகிச் சரிந்தது. தாலி மெல்ல இறங்கி நெஞ்சில் வந்து கிடந்தது, பழைய இடத்தில்.

மனுசி மூச்செடுத்தாள். மாதக்கணக்கில் எடுக்காத மூச்சு முழுவதையும் எடுத்தாள். விட்டபோது மேலே ஓடிய ஃபேனின் ஒரு தகடு கருகிப்போனது. (அடுத்த நாளே புது ஃபேன் அனுப்பிவிட்டேன். என் கடைச் சாமான், வருசக்கணக்கில் ஓடும்.)

நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்லப்போகிறாள்? நகைத் தெருவில், அத்தனை சனத்துக்கு முன்னால், புருசன் தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருக்கிறான், மூளையைப் பாவித்து மூச்சைக் காப்பாற்றியிருக்கிறான்... ஒரு நல்ல வார்த்தை வரத்தானே வேண்டும்?

வாயைத் திறந்தாள். பக்கத்துக் கடைக்காரர்கள் எழும்பி வாசலுக்கு வந்துவிட்டார்கள். அப்படி ஒரு சத்தம்.

"குடிபூரல் அண்டைக்கே சொன்னனான்! தடிப்புக் காணும், நீளத்தைக் கூட்டுங்கோ எண்டு! கேட்டனீங்களோ?"

பத்தர் கீழே குனிந்து எதையோ தேடத் தொடங்கினார்.

வரும்போது ஓட்டோவில் யோசித்துக்கொண்டே வந்தேன். உடம்பு மாறுகிறது, அதை ஒருவரும் நிறுத்த முடியாது. ஆனால் நாங்கள் போட்டுக்கொண்டது எதுவும் தானாக மாறுவதில்லை. அளவைக் கூட்டாவிட்டால் அதுவே எங்களை நெரிக்கும். கொடி என்றில்லை, எல்லாம்தான். நீங்களும் உங்களிடம் இருக்கிறதை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், இளக்கம் இருக்கிறதா என்று. எனக்குச் சரியான களைப்பு. என் ஷர்ட்டின் மேல் பட்டன் இப்போது பூட்டியிருக்கிறது. மிஞ்சிய சங்கிலி கழுத்துக்கு எட்டாது, காட்ட ஒன்றுமில்லை.

மனுசி அன்றைக்குத் தொடங்கியது இன்னும் முடியவில்லை. குடிபூரலில் தொடங்கி, கலியாணம்வரைக்கும் பின்னால் போய்விட்டாள். நேற்று மூன்றாம் மாடித் தம்பி வந்து கதவைத் தட்டினான். "அங்கிள், குறை நினைக்காதேங்கோ. அன்ரியின்ர சத்தம் கீழ வரைக்கும் கேக்குது. கொஞ்சம் குறைக்கச் சொல்லுவீங்களோ?"

"பதினைந்து பவுணும் என்ர சங்கிலியும் போட்டுச் செய்த சத்தம் தம்பி" என்றேன். "அப்பிடித்தான் கேக்கும்."